ஒரு பொருளுக்கு ஒரே பெயர் வையுங்கள்: தமிழாக்கக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

ஃபைனல் ஃபேன்டசி வீடியோ கேம் தொடரைத் தமிழில் கொண்டுவரும் குழுவினருக்கு,

வணக்கம்.

நான்காம், ஐந்தாம், ஆறாம் பாகங்களுக்கு நீங்கள் வெளியிட்ட மூன்று தமிழ் பேட்ச்களையும் (விளையாட்டில் வரும் எழுத்தைத் தமிழாக மாற்றும் கோப்புகள்) போட்டு, முதலிலிருந்து கடைசிவரை விளையாடியவன் நான். அடுத்து ஏழாம் பாகத்தில் கைவைத்திருப்பதாக அறிவித்திருக்கிறீர்கள். அதைப் பார்த்த பிறகுதான் இதை எழுத உட்கார்ந்தேன். இதே விஷயத்தை முன்பே ஒரு முறை சுருக்கமாகக் கேட்டேன். “ஒவ்வொரு பாகத்தையும் ஒவ்வொருவர் மொழிபெயர்க்கிறார், அவரவர் நடை அவரவருக்கு” என்று ஒரு வரியில் பதில் வந்தது. அந்த பதிலை என்னால் ஏற்க முடியவில்லை.

நான் கேட்பது ஒன்றே ஒன்றுதான். தொடர் முழுக்கத் திரும்பத் திரும்ப வருகிற மருந்து, மந்திரம், பறவை, ஆள், எதுவானாலும் சரி, அதற்கு எல்லாப் பாகங்களிலும் ஒரே தமிழ்ப் பெயரை வையுங்கள்.

நன்றி சொல்ல வேண்டியதை முதலில் சொல்லிவிடுகிறேன். ‘கொ’ என்று எழுதினால் கொம்பு ஒரு பக்கமும் கால் ஒரு பக்கமுமாகச் சிதறுகிற விளையாட்டுகளைத்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். உங்கள் பேட்ச்சில் ஒரு எழுத்துகூட உடையவில்லை. சம்பளம் வாங்காமல், தூக்கம் கெட்டு இதைச் செய்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். தெரிந்துதான் கேட்கிறேன். இவ்வளவு உழைப்பும் ஒரு சின்ன அலட்சியத்தால் வீணாகிறதே என்ற ஆற்றாமைதான் என்னை எழுத வைக்கிறது.

நடந்ததைச் சொல்கிறேன்.

என் ஆச்சி மகன் (உடன்பிறந்த மூத்தவளை எங்கள் பக்கம் ஆச்சி என்போம்) தேவகோட்டையில் ஏழாம் வகுப்பு படிக்கிறான். தமிழ் வழி. ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படிப்பான், ஆனால் ஓடுகிற வசனத்தைப் பிடிக்க அவனால் முடியாது. உங்கள் பேட்ச் வராமல் இருந்திருந்தால் இந்தத் தொடர் அவனுக்குக் கடைசிவரை எட்டாமலேயே போயிருக்கும். முழுப் பரீட்சை லீவில் ஐந்தாம் பாகத்தை முடித்தான். கப்பல் மயானத்தில் சைரன் வருவாள் அல்லவா, உயிருள்ள உருவத்துக்கும் பிண உருவத்துக்கும் மாறி மாறி? பிண உருவில் இருக்கும்போது குணமாக்கும் மந்திரத்தை அவள்மேல் போட்டால் அவளுக்கு அடி விழும். அதை அவன் தானாகக் கண்டுபிடித்தான். “குணமாக்குறது பிணத்துக்கு விஷம், அப்படின்னா உயிர் கொடுக்கிற மருந்து?” என்று யோசித்து, விழுந்த நம் ஆளை எழுப்பும் பீனிக்ஸ் இறகை அடுத்து வந்த ஒரு நடைபிணத்தின்மேல் எறிந்து பார்த்தான். அது அங்கேயே சாய்ந்தது. அன்று ராத்திரி சாப்பிடும்போதும் அதே பேச்சுதான் பேசினான்.

காலாண்டு லீவுக்குக் காரைக்குடி வந்து ஆறாம் பாகத்தைத் தொடங்கினான். எங்கள் வீட்டு இரண்டாம் கட்டில் ஆத்தங்குடிக் கல் பாவிய தரை வெயில் நேரத்திலும் குளிர்ந்து கிடக்கும். அதில் குப்புறப் படுத்து லேப்டாப்பை முன்னால் வைத்துக்கொள்வான். பேய் ரயிலில் வந்து மாட்டிக்கொண்டான். ஓடுகிற ரயிலுக்கு முன்னால் ஓடிக்கொண்டே அந்த ரயிலுடனேயே சண்டை போடும் இடம். அவன் பக்கத்து வீரர்கள் சாபினும் சையனும் ஒருவர் பின் ஒருவராக விழுகிறார்கள். முதல் நாள் சாயங்காலம் இரண்டு முறை தோற்றான், மறுநாள் இன்னும் இரண்டு முறை. அந்த ரயிலும் பிண வகைதான். ஒரே ஒரு பீனிக்ஸ் இறகை எறிந்தால் சண்டை முடிந்துவிடும். இந்தத் தொடரை விளையாடியவர்கள் இன்றுவரை ஆசையாகப் பேசும் இடங்களில் இதுவும் ஒன்று. அவனுக்கு அந்த விதி தெரியும். பையில் அந்த மருந்து ஐந்து இருந்தது. ஆனால் ஆறாம் பாகத்தில் நீங்கள் அதற்கு வைத்த பெயர் ‘சாகாவரம்’.

“அம்மான், இந்த பாகத்துல பீனிக்ஸ் இறகே கிடையாதா? எந்தக் கடையிலயும் இல்ல” என்றான். சாகாவரம் என்ற பெயரைப் பார்த்து, ஏதோ கிடைத்தற்கரிய பொருள், கடைசிச் சண்டைக்கு வேண்டும் என்று ஐந்தையும் பத்திரப்படுத்தியிருக்கிறான். விளக்கத்தைப் படித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். தெரிந்த மருந்தை யாரும் விளக்கம் படித்துத் தேடுவதில்லை, பெயரைத்தான் தேடுவார்கள். அவனும் பட்டியல் முழுக்கப் பெயரைத் தேடியிருக்கிறான்.

மூன்றாம் நாள், ரயிலுக்குள் திரியும் பேய்களை அடித்து அடித்துப் பலம் ஏற்றிக்கொண்டு ஜெயித்துவிட்டான். பிறகுதான் நான் விஷயத்தைச் சொன்னேன். “அப்ப இது அதுதானா?” என்றவன் பையைத் திறந்து அந்த ஐந்தையும் பார்த்தான். ஜெயித்தவன் முகமாக அது இல்லை. போன பாகத்தில் தானே கண்டுபிடித்த ஒன்றை இந்தப் பாகத்தில் அடையாளம் கண்டு துள்ளியிருக்க வேண்டிய பிள்ளை. அந்தச் சந்தோஷம் ஒரு முறைதான் கிடைக்கும். இனி நான் எத்தனை முறை விளக்கிச் சொன்னாலும் அது அவனுக்குத் திரும்பக் கிடைக்காது.

இந்தத் தொடரில் ஒரு பாகத்தின் கதைக்கும் அடுத்த பாகத்தின் கதைக்கும் பெரும்பாலும் சம்பந்தமே இருக்காது என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. உலகம் வேறு, நாயகர்கள் வேறு. 1987இல் தொடங்கியதை இன்றுவரை ஒரே தொடராகக் கட்டிவைத்திருப்பது திரும்பி வரும் இந்தச் சின்னச் சின்ன விஷயங்கள்தான். ஏறிச் சவாரி செய்யும் சோகோபோ பறவையும் சிட் என்ற பெயரும் 1988இல் இரண்டாம் பாகத்தில் வந்தன, மூகிள் என்ற குட்டிப் பிராணி 1990இல் மூன்றாம் பாகத்தில். சண்டையில் நேரம் ஓட ஓட அவரவர் முறை வரும் அந்த ஏற்பாடு நான்காம் பாகத்தில் வந்து ஒன்பதாம் பாகம்வரை கூடவே நடந்தது. கில்காமேஷ் என்ற வாள்வீரன் ஐந்தாம் பாகத்தில் பரிமாணப் பிளவுக்குள் தள்ளப்பட்டு, எட்டாம் பாகத்தில் நமக்குத் துணையாக வரும் ஓடின் வெட்டுப்பட்டு விழுந்த பிறகு அவனுடைய வாளைக் கையில் எடுத்துக்கொண்டு வந்து நிற்பான். பழைய ஆளைப் பார்த்ததும் நமக்கு உடம்பு சிலிர்க்கிறதே, அவன் பெயர் மாறியிருந்தால் சிலிர்க்குமா?

எங்கள் ஊரில் இதைப் புரியவைக்க ரொம்பப் பாடுபட வேண்டியதில்லை. ஐயா பெயரைப் பேரனுக்கு வைப்பது இங்கே வழிவழியாக நடப்பது. ஒரே பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வரும். கொண்டுவிக்க (கடல் கடந்து வியாபாரம் செய்ய) போன ஐயாவும் கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பேரனும் ஒருவரில்லை. ஆனாலும் கல்யாண வீட்டில் அந்தப் பெயரைக் கேட்டதும், “ஓ, அந்த வீட்டுப் பிள்ளையா?” என்று பெரியவர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள். சிட் என்ற பெயரும் அப்படித்தான். நான்காம் பாகத்தில் பாரன் (Baron) என்ற நாட்டின் பறக்கும் கப்பல் பொறியாளர், ஆறாம் பாகத்தில் பேரரசின் விஞ்ஞானி, ஏழாம் பாகத்தில் வாய் ஓயாமல் திட்டும் விமானி. ஆள் வேறு, பெயர் ஒன்று. நீங்களோ நான்காம் பாகத்தில் ‘சிட்’ என்றும் ஐந்தாம் பாகத்தில் ‘சித்தன்’ என்றும் ஆறாம் பாகத்தில் ‘சித்தர்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். இவர்கள் ஒரே வீட்டுப் பெயர் சூடியவர்கள் என்று ஒரு பிள்ளை எப்படிக் கண்டுபிடிக்கும்?

இந்தத் தப்பை ஏற்கெனவே ஆங்கிலத்தில் செய்து பார்த்துவிட்டார்கள். நான்காம் பாகம் 1991இல் அமெரிக்காவில் இரண்டாம் பாகம் என்ற எண்ணோடு போனது, ஆறாம் பாகம் 1994இல் மூன்றாம் பாகமாகப் போனது. ஹோலி என்ற வெள்ளை மந்திரம் நான்காம் பாகத்தில் ‘ஒயிட்’ ஆனது, ஆறாம் பாகத்தில் ‘பேர்ல்’ ஆனது. 1997இல் ஏழாம் பாகம் வந்தபோது அந்த ஹோலிதான் மொத்தக் கதையின் உயிர்நாடி. கதாநாயகி ஏரித் அதற்காகத்தான் பிரார்த்தனை செய்கிறாள். மூன்று வருஷம் முன்பு பேர்ல் என்று போட்டு விளையாடியவனுக்கு, தன் கையில் இருந்தது இதே மந்திரம்தான் என்று தெரிய வழியே இல்லை. பிக்ஸ் என்ற சிப்பாய் ‘விக்ஸ்’ ஆனான். கள்ளிச்செடி உருவில் ஓடும் காக்டுவார் ‘காக்ட்ராட்’ ஆனது, விளக்கும் கத்தியுமாக மெல்ல நடந்துவரும் டான்பெரி ‘பக்’ ஆனது. அவர்களுக்காவது ஒரு காரணம் இருந்தது. கார்ட்ரிட்ஜில் இடம் இல்லை, பெயருக்கு விரல்விட்டு எண்ணும் எழுத்துகள்தான் கிடைத்தன, மதம் சார்ந்த சொற்களுக்குத் தடையும் இருந்தது. எட்டாம் பாகத்தில்தான் தீ மந்திரத்தின் மூன்று படிகளும் ஃபயர், ஃபைரா, ஃபைராகா என்று ஜப்பானிய மூலத்தின் ஒழுங்குக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்கள் பல வருஷம் சுற்றி வந்த பாதையில் நாமும் முதலிலிருந்து நடக்க வேண்டுமா?

அந்தத் தீ மந்திரத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். நான்காம் பாகத்தில் உங்களில் ஒருவர் ‘தீ, பெருந்தீ, ஊழித்தீ’ என்று வைத்தார். படித்தபோது எழுந்து நின்று கைதட்டத் தோன்றியது. ஃபைரா, ஃபைராகாவில் வரும் ஒட்டுகள் எல்லா மந்திரத்துக்கும் பொருந்துவது போல இதுவும் பொருந்தும்: இடி, பேரிடி, ஊழியிடி. பனி, பெரும்பனி, ஊழிப்பனி. ஒன்றைக் கற்றால் மற்றதெல்லாம் தானாக விளங்கும். ஐந்தாம் பாகத்தில் அது ‘நெருப்பு 1, நெருப்பு 2, நெருப்பு 3’ ஆகிவிட்டது. ஆறாம் பாகத்தில் ‘ஃபயர், ஃபைரா, ஃபைராகா’ என்று அப்படியே இறக்கிவிட்டீர்கள். அவ்வளவு அழகான சொல் கையில் இருக்கும்போது அதை எப்படி விட மனம் வந்தது? எனக்குப் பிடித்ததைத்தான் வைக்க வேண்டும் என்று கேட்கவில்லை. எதையாவது ஒன்றை வையுங்கள், அதிலேயே நில்லுங்கள்.

உருவாக்கியவர்களே பெயரை மாற்றிய இடங்களும் உண்டு. எதிரியின் வித்தையைப் பார்த்தோ அடிவாங்கியோ கற்றுக்கொள்வது ஐந்தாம் பாகத்தில் நீல மந்திரம், ஆறாம் பாகத்தில் ஸ்ட்ராகோ என்ற கிழவரின் ‘லோர்’, ஏழாம் பாகத்தில் ‘எனிமி ஸ்கில்’. அங்கே நீங்களும் மாற்றத்தான் வேண்டும், அதில் எனக்குத் தகராறு இல்லை. அவர்கள் மாற்றாத இடத்தில் நீங்கள் மாற்றுவதைத்தான் வேண்டாம் என்கிறேன்.

இது உங்கள் குழுவோடு நிற்கிற நோயும் இல்லை. டவுன்லோடுக்குப் பதிவிறக்கம், தரவிறக்கம். பாஸ்வேர்டுக்குக் கடவுச்சொல், நுழைவுச்சொல். ஒருவர் வைத்த நல்ல சொல்லை இன்னொருவர் எடுத்துக்கொண்டால் தோற்றுப்போனதாக நினைக்கிறோம். ஆளுக்கொரு சொல்லை உண்டாக்கிவிட்டு, மக்கள் ஆங்கிலத்தையே பேசுகிறார்கள் என்று மேடையில் வருத்தப்படுகிறோம். வருஷா வருஷம் கம்பன் விழா நடக்கிற ஊரில் இருந்து எழுதுகிறேன். லட்சுமணனை இலக்குவன் என்றும் விபீஷணனை வீடணன் என்றும் கம்பன் தமிழாக்கினான். அடுத்த காண்டத்துக்குப் போனதும் இலக்குவனுக்கு வேறு பெயர் வைக்கவில்லை. நடைச் சுதந்திரம் அவனுக்கு இல்லாததா?

கோபத்தில் எங்கேயோ போய்விட்டேன், பொறுத்துக்கொள்ளுங்கள். கேட்க வந்ததைப் பணிவாகவே கேட்கிறேன். ஏழாம் பாகத்தை வெளியிடுவதற்கு முன் நீங்கள் எல்லோரும் ஒரு நாள் உட்கார்ந்து, திரும்பி வரும் பெயர்களுக்கு ஒரு சொற்பட்டியல் போடுங்கள். பட்டியலில் இருக்கும் சொல்லை யாரும் தனியாக மாற்றக்கூடாது என்று முடிவு செய்யுங்கள். திரையில் பெயர் வரும் பெட்டிக்குள் அடங்கவில்லை என்றால் எல்லாப் பாகத்திலும் அடங்குகிற சின்னச் சொல்லாக முதலிலேயே தேர்ந்தெடுங்கள். அப்புறம் நேரம் கிடைக்கும்போது ஐந்தையும் ஆறையும் அந்தப் பட்டியலுக்கு ஏற்பத் திருத்திவிடுங்கள். வசனத்தில், நகைச்சுவையில், ஒவ்வொருவரின் பேச்சு வழக்கில் உங்கள் நடையைத் தாராளமாகக் காட்டுங்கள், அதை ரசித்துப் படிக்கிற முதல் ஆள் நானாக இருப்பேன். பெயரை மட்டும் ஒன்றாக வையுங்கள். ஒப்பிட்டுப் பார்க்க ஆள் வேண்டுமென்றால் சனி ஞாயிறில் மூன்று பாகங்களையும் திறந்து வைத்துக்கொண்டு உட்கார நான் தயார்.

பாதி வேலையை ஏற்கெனவே ஒருவன் செய்துவிட்டான். ரயிலை ஜெயித்த மறுநாள் ஆச்சி மகன் ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்து, ஸ்கேல் வைத்துப் பத்தி பிரித்தான். இடப்பக்கம் ஐந்தாம் பாகத்துப் பெயர், அதற்கு நேரே ஆறாம் பாகத்துப் பெயர். முதல் வரி ‘பீனிக்ஸ் இறகு – சாகாவரம்’. இப்போது ஆறு பக்கம் வந்துவிட்டது. கேட்டால் படம் எடுத்து அனுப்புகிறேன். மூன்றாவதாக ஒரு பத்தியும் கோடு போட்டு வைத்திருக்கிறான். அதில் தலைப்பு மட்டும் எழுதியிருக்கிறது: ஏழு.

இப்படிக்கு,
உங்கள் மூன்று பேட்ச்களையும் விளையாடிய ஒருவன்,
காரைக்குடி.