பானெட்டில் எழுதியிருப்பது டிராக்டரின் பெயர் ஆகாது

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கானாடுகாத்தான் பக்கம் ஒரு வீட்டு முகப்பில் நிற்கும் சிவப்பு டிராக்டரின் படத்துக்குக் கீழே ‘1948-ஆம் ஆண்டு மாசி ஃபெர்குசன்’ என்று தங்கள் நாளிதழில் குறிப்பு வந்திருந்தது. அப்படி ஒரு வண்டி இருக்க வழியே இல்லை. மாசி ஹாரிஸும் ஃபெர்குசனும் இணைந்ததே 1953-இல்தான். ‘மாசி ஃபெர்குசன்’ என்ற பெயர் வண்டியில் ஏறியது அதற்கும் சில ஆண்டுகள் கழித்து. 1948-இல் ஓடியது சாம்பல் நிற ஃபெர்குசன் டி.இ.20.

பெயின்ட், ஸ்டிக்கர், கிரில், பானெட் எல்லாம் ஒரே நாளில் மாற்றிவிடக்கூடியவை. வீட்டு வாசலுக்கும் விடுதி முகப்புக்கும் பழைய வண்டி தேடுகிறவர்களிடம் ‘இங்கிலாந்து வண்டி’ என்று சொல்லி விலையை ஏற்றுவோர் நம்பியிருப்பதும் இவற்றைத்தான். கியர் பெட்டியை அப்படி மாற்றுவது அரிது. ஆகவே சோதனையை அங்கே தொடங்குங்கள். டி.இ.20-க்கு முன்னே நான்கு கியர், ரிவர்ஸ் ஒன்று. ஸ்டார்ட் செய்வதும் அதே கியர் லீவரை ‘எஸ்’ என்ற இடத்துக்குத் தள்ளித்தான். 1956-இல் வந்த ஃபெர்குசன் 35-க்கு (பின்னாளில் மாசி 35) லீவர் இரண்டு. முன்னே ஆறு, ரிவர்ஸ் இரண்டு.

அடுத்து, சிலிண்டருக்கு ஒன்று வீதம் டீசல் கொண்டுபோகும் இன்ஜெக்டர் குழாய்களை எண்ணுங்கள். டீசல் 35-இல் நான்கு இருந்தால் அது ‘ஸ்டாண்டர்ட்’ கம்பெனியின் ஆரம்பகால இன்ஜின். குளிரில் ஸ்டார்ட் ஆகாது என்று சீமையில் கெட்ட பெயர் வாங்கியது. நம் வெயிலுக்கு அந்தக் குறை அவ்வளவாகத் தெரியாது. மூன்று இருந்தால் 1959 கடைசியில் வந்த பெர்கின்ஸ் கம்பெனி இன்ஜின். ஆனால் மூன்று சிலிண்டர் இருப்பதாலேயே அது இங்கிலாந்து வண்டி ஆகிவிடாது. சென்னை டிராக்டர் கம்பெனி டாஃபேயின் 1035-உம் இதே குடும்பம்தான். இன்ஜின் பிளாக்கில் சிம்சன் கம்பெனி பெயர் இருந்தால் இன்ஜின் சென்னையில் செய்தது என்று மட்டும் கொள்ளலாம். வண்டிக்குப் பிறகு மாட்டியதாகவும் இருக்கலாம்.

இன்ஜின் ஹெட்டைக் கழற்றும் சந்தர்ப்பம் வந்தால் போரை, அதாவது சிலிண்டர் துளையின் விட்டத்தை, அளந்துவிடுங்கள். பிஸ்டன் ரிங் உரசாத மேல் விளிம்பில் அளக்க வேண்டும். கீழே அளந்தால் தேய்மானமும் கணக்கில் சேர்ந்துவிடும். 88.9 மி.மீ. என்றால் ஃபோர்டு கம்பெனியின் ஃபோர்ட்சன் டெக்ஸ்டா அல்லது பழைய பெர்கின்ஸ் பி3. 91.44 என்றால் மூன்று சிலிண்டர் 35 அல்லது சூப்பர் டெக்ஸ்டா. ஸ்ட்ரோக், அதாவது பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம், இவை எல்லாவற்றுக்கும் 127-தான், இவற்றைப் பிரித்தறிய அதை அளந்து பயனில்லை. இன்டர்நேஷனல் கம்பெனி வண்டிகளில் பி-275-க்கு 85.7, பி-414-க்கு 88.9. பானெட் பெயரைச் சொல்லி ரிங் செட் வாங்கப் போகிறவர்கள் திரும்பத் திரும்பக் கடைக்கு அலைவது இந்த அளவைப் பார்க்காததால்தான்.

எண்களில்தான் பெரிய குழப்பம். இரும்பில் புடைத்து நிற்பது வார்ப்பு எண். அது அந்த உதிரிபாகத்துக்கு உரியது, வண்டிக்கு அல்ல. உள்ளே குழிந்து பஞ்ச் அடித்திருப்பதே வரிசை எண். டெக்ஸ்டா பாகங்களில் ‘957இ’ என்று புடைத்திருக்கும். அதைச் சேஸிஸ் எண் என்று எழுதிக் கொடுக்கிறவர்களும் உண்டு. 1965-க்குப் பிந்தைய ஃபோர்டில் ‘சி5என்என்’ என்று தொடங்கினால், ‘சி’ அறுபதுகள், ‘5’ என்பது 1965. அதுவும் அந்தப் பாகத்தை வடிவமைத்த ஆண்டுதான், வார்த்த ஆண்டு அல்ல.

மாசி 35-க்கு வரிசை எண் டேஷ்போர்டுத் தகட்டில் இருக்கும், பெர்கின்ஸ் இன்ஜின் எண் இடப்புறம் டீசல் பம்பை ஒட்டி இருக்கும். தகட்டின் ரிவிட் மட்டும் புதிதாகப் பளபளத்தால் சந்தேகப்படுங்கள். பிசுக்கை டீசலில் ஊறவைத்துக் கம்பி பிரஷால் தேய்த்து, சாக்பீஸ் தடவித் துடைத்தால் குழிக்குள் வெள்ளை நின்று எழுத்து தெரியும். கிரைண்டரும் மணல் வீச்சும் கூடவே கூடாது. ஆழமில்லாத எழுத்து அதோடு போய்விடும்.

ஆர்.சி. புத்தகத்தில் பதிவான ஆண்டையும் தயாரித்த ஆண்டையும் ஒன்றாகக் கொள்ள வேண்டாம். இன்ஜின் எண் ஒத்துவரவில்லை என்றால், மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆம் பிரிவின்படி அந்த மாற்றத்தைப் பதிவு செய்துதரச் சொல்லி விற்பவரிடமே கேளுங்கள். முன்பணம் கொடுப்பதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இப்படிக்கு,
டிராக்டர் பட்டறைக்காரர், புதுவயல்