ஆண்டறிக்கை 2024–25

தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், பிள்ளைகளோடு வந்திருக்கும் பெற்றோருக்கும் வணக்கம்.

செயற்குழு மாதாமாதம் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். அம்மாபேட்டையில் ஞாயிறுதோறும் நடக்கும் நாடக விளையாட்டு வகுப்பைப் பற்றித்தான் நான் அதிகம் சொல்ல வேண்டும்.

7 வயதுப் பிள்ளை, 70 வயதுப் பாட்டி, காது கேளாத பாப்பா, கண் தெரியாத அண்ணன், டவுன் சிண்ட்ரோம் உள்ள தம்பி என்று எல்லாரும் ஒரே வட்டத்தில். ஆரம்பத்தில் திணறினோம். ஒரு விளையாட்டில் கண்ணை மூடிக்கொண்டு, பக்கத்துக் கைதட்டல் கேட்டதும் நாம் தட்ட வேண்டும், பிசகினால் அவுட். பாப்பா ஒவ்வொரு முறையும் முதல் ஆளாகப் போய்ச் சுவரோரம் உட்கார்ந்தாள். மூன்றாம் வாரம் வரவில்லை. தப்பு எங்களுடையது.

அப்புறம் ‘அவுட்’டையே எடுத்துவிட்டோம். கை கோத்து நின்று, தட்டுவதற்குப் பதில் அடுத்தவர் விரலை ஒரு அழுத்து அழுத்தி அனுப்பினோம். காதும் வேண்டாம், கண்ணும் வேண்டாம். வீட்டுக்கே போய்க் கூப்பிட்டோம், பாப்பா வந்தாள்.

வயோலா ஸ்போலின் அம்மையார் சிகாகோவில், வெவ்வேறு மொழி பேசும் குடியேறிகளின் பிள்ளைகளோடு சேர்ந்து வளர்த்தெடுத்த நாடக விளையாட்டுகள்தான் நமக்கும் உதவுகின்றன. அதில் ஒன்று கண்ணாடி. ஒருவர் செய்வதை எதிரே நிற்பவர் அப்படியே செய்ய வேண்டும். தறி நெய்த பாட்டி காலால் மிதித்து, இல்லாத தறி நாடாவை எறிந்தார். தம்பி அதைப் பிடித்துத் திருப்பி எறிந்தான். கண்ணாடி அப்படிச் செய்யாது என்று யாரோ திருத்தப் போனார்கள். “விடுங்க, இப்பத்தான் தறி ஓடுது” என்றார் பாட்டி. அண்ணனோடு இதை உள்ளங்கையில் உள்ளங்கை வைத்து ஆடுகிறோம்.

மே மாதம் ஏற்காட்டில் முகாம். 20 கொண்டை ஊசி வளைவும் ஏறுவதற்குள் பலருக்கு வாந்தி. இனி வண்டியை நடுவில் நிறுத்த வேண்டும். சாய்தளம் உண்டு என்று போனில் சொன்ன மண்டபத்தில் படிகள்தான் இருந்தன. சக்கர நாற்காலியோடு தூக்கினோம். தூக்கியவர்கள் சிரித்துப் பேசிக்கொண்டு வந்தார்கள். உட்கார்ந்திருந்தவர் ஒரு வார்த்தை பேசவில்லை. அது இன்னும் மனதை உறுத்துகிறது. மறுநாள் மண்டபத்தை விட்டுவிட்டு வெளியே தரையில் ஆடினோம். நேரில் பார்க்காமல் இனி எந்த இடமும் பதிவு செய்வதில்லை என்று செயற்குழு முடிவு செய்துள்ளது.

சைகை மொழி தெரிந்த ஒருவர் ஞாயிறு காலையில் வந்தால் பெரிய உதவி. கல்லூரி வயதுப் பிள்ளைகள் யாரும் வருவதில்லை. தெரிந்தவர்களை அனுப்பி வையுங்கள்.

இவ்வறிக்கையைப் பேரவை ஏற்க வேண்டுகிறேன்.

செயலாளர்