வரப்போகும் எஸ்டேட் கார் குறித்து மகனுக்கு

அன்புள்ள மகனுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. நானும் அப்பாவும் நலம். நீயும் மருமகளும் குழந்தையும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

அறிமுகமாக இருக்கும் அந்த நான்கு சக்கர இயக்க எஸ்டேட் காருக்காக, அதாவது கூரை டிக்கியின் முடிவுவரை நீளும் அந்தத் தாழ்ந்த காருக்காக, காத்திருக்கலாமா, அல்லது ஷோரூமில் இப்போதே கிடைக்கும் எஸ்யூவி ஒன்றை வாங்கிவிடலாமா என்று நேற்றுத் தொலைபேசியில் கேட்டாய். காத்திரு என்று ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன். அதற்கான காரணங்களை நீ கேட்பதற்குள் குழந்தை அழுதுவிட்டான். பாலிடெக்னிக்கில் வாகனப் பொறியியல் நடத்தியவளிடம் கேட்டுவிட்டு அரைகுறைப் பதிலோடு நீ தப்பிவிட முடியாது என்பதால், மீதியை எழுத்தில் அனுப்புகிறேன்.

முதலில், நீ விரும்பும் வகை சரியானது. பனி பெய்யும் மலைச்சாலையில் குடும்பத்தோடும் சுமையோடும் போக வேண்டியவனுக்கு உயரமான வண்டிதான் ஏற்றது என்று விளம்பரங்கள் நம்பவைத்திருக்கின்றன. உண்மையில் ஒரே நீளமும் ஒரே எஞ்சினும் கொண்ட எஸ்யூவியையும் எஸ்டேட்டையும் அருகருகே நிறுத்தினால், எஸ்டேட்டின் ஈர்ப்பு மையம் தாழ்ந்திருக்கும். காற்றைக் கிழிக்கும் முன்பரப்பு குறைவாக இருக்கும். ஆகவே வளைவில் சாய்வும் குறையும், எரிபொருளும் குறையும். டிக்கியின் விளிம்பு தாழ்வாக இருப்பதால் குழந்தையின் தள்ளுவண்டியையும் பெட்டிகளையும் இடுப்பு ஒடியத் தூக்க வேண்டியதில்லை. எஸ்யூவிக்கு இருக்கும் ஒரே மெய்யான ஆதாயம் கிரவுண்ட் கிளியரன்ஸ், அதாவது தரைக்கும் வண்டியின் அடிப்பாகத்துக்கும் உள்ள இடைவெளி. தினமும் முழங்கால் அளவுப் பனியை உழுதுகொண்டு போகிறவனுக்கு அது தேவை. பனி அகற்றப்பட்ட சாலையில் போகிற உனக்கு அதில் பெரிய பயன் இல்லை.

இந்த வகைக் கார் நேற்று முளைத்ததும் அல்ல. ஜப்பானின் தோஹோகு பகுதியில் பனிக்காலத்திலும் மின்தடங்களைப் பார்வையிட வேண்டியிருந்த மின் நிறுவனம் ஒன்று, ஜீப்பைவிடச் சுகமான, ஆனால் அதைப் போலவே போகக்கூடிய வண்டி ஒன்றைக் கேட்டது. அந்தத் தேவையிலிருந்து பிறந்த முயற்சிதான் 1972-இல் சுபாரு லியோன் எஸ்டேட் வேனாக விற்பனைக்கு வந்தது. சாதாரண நேரத்தில் முன்சக்கரங்களில் ஓடி, நெம்புகோலைத் தள்ளினால் பின்சக்கரங்களும் சேர்ந்துகொள்ளும் அமைப்பு அதில் இருந்தது. அமெரிக்காவில் ஏஎம்சி நிறுவனம் 1980 மாடலாகக் கொண்டுவந்த ஈகிள், நான்கு சக்கரங்களையும் எப்போதும் இயக்கியது. அதன் வேகன் (எஸ்டேட்டுக்கு அமெரிக்கப் பெயர்) வடிவம் பலருக்குப் பிடித்திருந்தது. அதே 1980-இல் ஜெனீவா கண்காட்சியில் ஆடி நிறுவனம் குவாட்ரோ என்ற நான்கு சக்கர இயக்கக் காரைக் காட்டிய பிறகு, நான்கு சக்கர இயக்கம் என்பது சேற்றுக்கும் பனிக்கும் மட்டுமல்ல, வேகத்துக்கும் உரியது என்றாகிவிட்டது. 1994-இல் போர்ஷேயோடு சேர்ந்து ஆடி செய்த ஆர்எஸ்2 அவான்ட் என்ற எஸ்டேட், 315 குதிரைத்திறனோடு குடும்பச் சாமான்களையும் சுமந்தது. அந்தக் காரின் படத்தை வகுப்பறைச் சுவரில் நான் ஒட்டிவைத்திருந்தேன் என்பது உனக்கு நினைவிருக்காது. நீ அப்போது மிகச் சிறியவன்.

நான் இவற்றைச் சொல்வது பழம்பெருமைக்காக அல்ல. அந்த லியோன் ஒரு வேலைக்காகப் பிறந்த வண்டி. அதன் பின் வந்தவற்றில் சில வேலைக்காகவும் சில தோற்றத்துக்காகவும் பிறந்தன. 1990-களின் நடுவில் கொஞ்சம் உயர்த்திய எஸ்டேட்டாகத் தொடங்கிய சுபாரு அவுட்பேக்கே, 2025-இல் காட்டப்பட்ட புதிய தலைமுறையில் எஸ்யூவியின் உருவத்துக்கு மாறிவிட்டது. இந்த நிலையில் ஒரு நிறுவனம் தாழ்ந்த எஸ்டேட்டை நான்கு சக்கர இயக்கத்தோடு புதிதாகக் கொண்டுவருகிறது என்றால் நீ ஆவலாக இருப்பதில் வியப்பில்லை. எனக்கும் ஆவல்தான்.

ஆனால் ‘நான்கு சக்கர இயக்கம்’ என்று பின்கதவில் ஒட்டியிருக்கும் பட்டை, உள்ளே என்ன இருக்கிறது என்பதைச் சொல்வதில்லை. நீ முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான். கார் வளைவில் திரும்பும்போது முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் ஒரே தூரத்தைக் கடப்பதில்லை. எனவே இரண்டு அச்சுகளையும் விறைப்பாகப் பிணைத்துவிட்டால் காய்ந்த தார்ச்சாலையில் டயர்கள் இழுபட்டுத் தேயும், பல்சக்கரங்கள் முறுக்கத்தில் தவிக்கும். இந்த வேறுபாட்டை எப்படி விட்டுக்கொடுப்பது, அதே சமயம் ஒரு சக்கரம் வழுக்கினால் விசை முழுவதும் அதன் வழியே வீணாகாமல் எப்படித் தடுப்பது என்ற இரண்டு கேள்விகளுக்குச் சொல்லப்பட்ட விடைகள்தான் இத்தனை வகை அமைப்புகளும்.

ஒரு வகையில் நடுவில் ஒரு டிஃபரன்ஷியல், அதாவது இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் சுழல விட்டு விசையைப் பகிரும் பல்சக்கரத் தொகுதி, இருக்கும்; எப்போதும் இரண்டு அச்சுகளுக்கும் விசை போகும். ஆடி 1980-களின் பிற்பகுதியில் பயன்படுத்தத் தொடங்கிய டார்சன் வகை, முழுக்கப் பல்சக்கரங்களாலேயே வேலை செய்வது; வழுக்கல் தொடங்கும் கணத்திலேயே பிடிமானம் உள்ள அச்சுக்கு அதிக விசையைத் தள்ளிவிடும், எந்தக் கணினியின் கட்டளைக்கும் காத்திருக்காது. மற்றொரு வகையில் கார் பெரும்பாலும் முன்சக்கரத்தில் ஓடும். பின் அச்சுக்கு முன்னால் எண்ணெயில் தோய்ந்த பல தகட்டுக் கிளட்ச் ஒன்று இருக்கும். உணரிகள் சொல்வதைக் கேட்டு, கணினி அதை இறுக்கும். ஸ்வீடனின் ஹால்டெக்ஸ் நிறுவனம் செய்த இத்தகைய கிளட்ச் 1998-இல் ஆடி டிடியில் வந்தது. எஞ்சினைக் குறுக்காகப் பொருத்தும் கார்கள் பலவற்றில் இன்று நீ பார்ப்பது இந்த வகைதான். எஞ்சின் நீளவாக்கில் இருக்கிறதா குறுக்காக இருக்கிறதா என்று பார்த்தாலே, எந்த வகை இருக்கக்கூடும் என்பதைப் பாதி ஊகித்துவிடலாம்.

கிளட்ச் வகையை மட்டம் என்று நினைத்துவிடாதே. தொடக்ககால அமைப்புகள் முன்சக்கரம் வழுக்கிய பிறகே விழித்துக்கொண்டன. இப்போதையவை நீ ஆக்சிலரேட்டரை மிதிக்கும் வேகத்தையும் ஸ்டீயரிங்கின் கோணத்தையும் கொண்டே முன்கூட்டி இறுகிக்கொள்கின்றன. எரிபொருளும் மிச்சமாகும். நான் கவலைப்படுவது பராமரிப்பைப் பற்றி. அந்தக் கிளட்சுக்குத் தனி எண்ணெய் உண்டு. தகடுகள் தேயும் துகள்கள் அதில் சேரும். உரிய காலத்தில் எண்ணெயை மாற்றாவிட்டால் பின்சக்கர இயக்கம் ஓசையில்லாமல் நின்றுவிடும், பனி விழும் நாள்வரை உனக்குத் தெரியவே தெரியாது. அறிமுக விழாவில் யாரும் இதைப் பேசமாட்டார்கள். சர்வீஸ் அட்டவணையைக் கேட்டு வாங்கி, அந்த வரி இருக்கிறதா என்று நீதான் பார்க்க வேண்டும்.

புதிய கார் மின்கலத்தில் ஓடும் வடிவத்திலும் வரலாம் என்று சொன்னாய். அப்படியானால் மேற்சொன்னவற்றில் பெரும்பகுதி தேவையில்லை. முன்னும் பின்னும் ஒவ்வொரு மோட்டார். இடையில் விசையைப் பின்னுக்குக் கொண்டுபோகும் புரொப்பல்லர் ஷாஃப்ட் என்ற தண்டு கிடையாது. விசையைப் பகிரும் வேலையைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்துக்குள் முடித்துவிடும். ஆனால் குளிரில் மின்கலத்தின் திறன் குறையும், அறையைச் சூடாக்கவும் அதே மின்கலம் வேண்டும் என்பதால், அட்டவணையில் உள்ள பயணத் தூரத்தை அப்படியே நம்பிக் குளிர்காலப் பயணத்தைத் திட்டமிடாதே.

அறிமுக நாளைப் பற்றி ஒரு வார்த்தை. இப்போது வரும் படங்களில் கறுப்பு வெள்ளைச் சுழிகள் ஒட்டிய சோதனைக் கார்களைப் பார்த்து நீ பம்பரின் வடிவத்தை ஆராய்ந்துகொண்டிருக்கிறாய். அந்தச் சுழிகளை ஒட்டுவதே கண்ணை ஏமாற்றுவதற்குத்தான். உலக அறிமுகத்தன்று வெளிச்சத்தில் நிற்கப்போவது பெரும்பாலும் எல்லா வசதிகளும் ஏற்றிய, மிக விலையுயர்ந்த வடிவமாக இருக்கும். முன்சக்கர இயக்க வடிவத்தை முதலில் விற்று, நான்கு சக்கர இயக்கத்தைப் பல மாதங்கள் கழித்துத் தருவது பல நிறுவனங்களின் வழக்கம். ஆகவே முன்பதிவு திறந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்டவுடன் முன்பணம் கட்டாதே. உனக்குத் தேவையான வடிவத்துக்கான முன்பதிவா என்று எழுத்துவழியாக உறுதி செய்துகொள்.

அந்த வடிவத்தின் தொழில்நுட்ப அட்டவணை வெளிவந்ததும் குதிரைத்திறனைத் தாண்டி வெற்று எடைக்குப் போ. பின் டிஃபரன்ஷியல், ஷாஃப்ட், கிளட்ச் எல்லாம் சேர்ந்தால் எடை கூடத்தான் செய்யும். ஆனால் அனுமதிக்கப்பட்ட மொத்த எடை அதே அளவு கூடியிருக்கும் என்று சொல்ல முடியாது. இரண்டுக்கும் உள்ள வித்தியாசமே நீ ஏற்றக்கூடிய சுமை. ஐரோப்பிய அட்டவணைகளில் வெற்று எடையிலேயே ஓட்டுநருக்காக 75 கிலோ சேர்க்கப்பட்டிருக்கும் என்பதையும் மனத்தில் கொள். எஸ்டேட் வாங்குவதே சுமைக்காக என்னும்போது, சுமை குறைந்த எஸ்டேட்டை வாங்கிவிடக் கூடாது அல்லவா? டிக்கியின் கொள்ளளவையும் இதேபோல் சந்தேகத்தோடு படி. 200, 100, 50 மில்லிமீட்டர் அளவுள்ள ஒரு லிட்டர் கட்டைகளை அடுக்கி எண்ணும் முறை ஒன்று உண்டு. கண்ணாடியின் கீழ்விளிம்புவரை அடுக்கினார்களா, கூரைவரை அடுக்கினார்களா என்பதைப் பொறுத்து எண் பெரிதும் மாறும். பின் அச்சின் கருவிகளுக்கு இடம் விட வேண்டியிருப்பதால், நான்கு சக்கர இயக்க வடிவத்தில் டிக்கித் தளத்தின் அடியில் இருக்கும் அறை சிறுத்துப்போவதும், மாற்றுச் சக்கரம் காணாமற்போவதும் உண்டு. கூரைமேல் ஏற்றக்கூடிய எடை, இத்தகைய கார்களில் பொதுவாக 75 முதல் 100 கிலோ. கூரைப்பெட்டியின் எடையும் அதற்குள் அடக்கம்.

இனி நான் தாயாகச் சொல்ல வேண்டியது. நான்கு சக்கரங்களும் இயங்குவதால் கார் பனியில் எளிதாகப் புறப்படும், ஏற்றத்தில் ஏறும். ஆனால் நிற்பதற்கு அது ஒரு துளியும் உதவாது. எல்லாக் கார்களுக்கும் பிரேக் நான்கு சக்கரங்களிலும்தான் இருக்கிறது. நிறுத்துவது டயரின் பிடிமானம் மட்டுமே. வழுக்குகிற சாலையிலும் கார் சுலபமாக வேகமெடுப்பதால், சாலை வழுக்குகிறது என்ற உணர்வே ஓட்டுபவனுக்கு மறைந்துவிடுகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது. வெப்பநிலை 7 டிகிரிக்குக் கீழே இறங்கினால் கோடைக்கால டயரின் ரப்பர் இறுகிவிடும். ஆகவே காருக்கான செலவைக் கணக்கிடும்போதே, பக்கவாட்டில் மலைமுகடும் பனித்துகளும் பொறித்த குளிர்கால டயர்கள் நான்கையும் அதில் சேர்த்துக்கொள். பனியில், நல்ல குளிர்கால டயர் போட்ட முன்சக்கர இயக்கக் கார், கோடைக்கால டயரோடு வரும் நான்கு சக்கர இயக்கக் காரைவிடச் சீக்கிரம் நிற்கும். மேலும், இந்த வண்டிகளில் ஒரு டயர் மட்டும் கிழிந்தால் அந்த ஒன்றை மட்டும் புதிதாக மாற்றுவது பெரும்பாலும் சரிப்படாது. தேய்ந்த டயரும் புதிய டயரும் வேறு வேறு சுற்றளவில் உருண்டு, பின் அச்சுக்கு முன்னால் இருக்கும் கிளட்சை ஓயாமல் உழைக்க வைக்கும். எத்தனை மில்லிமீட்டர் வேறுபாடுவரை அனுமதி என்பது காரோடு வரும் கையேட்டில் இருக்கும். வழியில் பழுதாகி நின்றால், இரண்டு சக்கரத்தைத் தரையில் உருளவிட்டு இழுத்துச் செல்ல விடாதே. நான்கையும் மேலே ஏற்றிக்கொண்டு போகும் வண்டியைக் கேள்.

டெஸ்ட் டிரைவுக்கு அழைத்தால் மருமகளையும் குழந்தையின் இருக்கையையும் தள்ளுவண்டியையும் கூட்டிக்கொண்டு போ. வண்டி நிறுத்துமிடத்தில் ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக வட்டமிடு. அடியில் இழுப்போ இடிப்போ உணர்ந்தால், விற்பனையாளர் சொல்லும் சமாதானத்தை எழுதிவைத்துக்கொண்டு எனக்கு அனுப்பு. இப்போதைய காரின் பிரேக் தகடுகளையும் டயர்களையும் இந்த மாதமே சோதித்துக்கொண்டால் இன்னும் ஒரு குளிர்காலம் அது தாங்கும். அதுவரை அவசரப்பட வேண்டிய காரணம் எதுவும் இல்லை.

அட்டவணை வெளியான அன்றே எனக்கு அனுப்பிவிடு. படங்களை அப்பாவுக்கு அனுப்பு. நிறத்தைப் பற்றிய கருத்தெல்லாம் அவரிடம் ஏற்கெனவே தயாராக இருக்கிறது.

அன்புடன்,
அம்மா