மண்டபத்திலிருந்து மாப்பிள்ளைக்கு

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

உன் கடிதம் போன வாரம் கிடைத்தது. இங்கே வாடைக்காற்று பிடித்துவிட்டது. வடகடல் பக்கம் வள்ளங்கள் கரையிலேயே கிடக்கின்றன, தென்கடலில்தான் கொஞ்சம் தொழில் நடக்கிறது. 2025 ஏப்ரலில் புதுப் பாம்பன் பாலம் திறந்ததிலிருந்து ராமேஸ்வரம் வரை மறுபடி ரயில் ஓடுவதால், அம்மாவைக் கோயிலுக்குக் கூட்டிப்போவது சுலபமாகிவிட்டது. மற்றபடி எல்லோரும் சுகம்.

சரி, உன் விஷயத்துக்கு வருகிறேன். பிரமோஷன் விண்ணப்பத்தில் மொத்த சைட்டேஷன் (உன் ஆராய்ச்சிக் கட்டுரைகளை மற்றவர்கள் மேற்கோள் காட்டிய தடவைகள்) எத்தனை, ஹெச் இண்டெக்ஸ் எவ்வளவு என்ற இரண்டு கட்டங்களை நிரப்பியதிலிருந்து தூக்கமே வரவில்லை என்று எழுதியிருந்தாய். பக்கத்து லேபில் புற்றுநோய் ஆராய்ச்சி செய்பவரின் எண் உன்னுடையதைப் போலப் பல மடங்காம். அதைப் படித்ததிலிருந்து எனக்கும் மனசு ஆறவில்லை.

ஹெச் இண்டெக்ஸ் என்பது 2005ல் ஹிர்ஷ் என்ற இயற்பியல் பேராசிரியர் கொண்டுவந்த கணக்கு. உன் பேப்பர்களில் பத்து, ஒவ்வொன்றும் பத்து தடவையாவது மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் உன் எண் பத்து. துறைக்குத் துறை இது மாறும் என்று அவரே அப்போதே சொல்லிவிட்டார். புற்றுநோயைப் பற்றி உலகம் முழுக்க எழுதுகிறார்கள். உன்னைப் போலக் கடல் அட்டையின், கடல் தரையில் கிடக்கும் அந்தப் பிராணியின், மரபணுவைப் பற்றி எழுதுகிறவர்கள் எத்தனை பேர்? எழுத ஆளில்லாத இடத்தில் மேற்கோள் எங்கிருந்து வரும்?

உன் துறையையே எடுத்துக்கொள். ஒரு கரைசலில் புரதம் எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் முறையை லௌரியும் கூட இருந்தவர்களும் 1951ல் எழுதினார்கள். அதற்கு மூன்று லட்சத்துக்கும் மேல் மேற்கோள். 2014ல் 'நேச்சர்' என்ற அறிவியல் பத்திரிகை எடுத்த கணக்கில் உலகத்திலேயே முதலிடம் அதற்குத்தான். வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ இரட்டைச் சுருளைப் பற்றி 1953ல் எழுதியது அந்த முதல் நூறில்கூட இல்லை! லேபில் புரதம் அளந்தவர்கள் எல்லோரும் லௌரியைக் குறிப்பிட்டார்கள். இரட்டைச் சுருளோ பாடப்புத்தகத்துக்குள் போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் நானே நடத்துகிறேன்.

புரத வடிவங்களை ஆராய்ந்த நம் விஞ்ஞானி ஜி.என். ராமச்சந்திரனையும் நினைத்துப் பார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் இருந்தபோது ராமகிருஷ்ணன், சசிசேகரனோடு சேர்ந்து 1963ல் அவர் போட்ட வரைபடத்தை வைத்துத்தான் இன்றைக்கும் ஒரு புரத வடிவம் சரியா தப்பா என்று பார்க்கிறார்கள். ராமச்சந்திரன் பிளாட் என்று பெயரைச் சொல்லிவிட்டு, மூலக் கட்டுரையைக் குறிப்பிடாமலே போய்விடுகிறவர்கள் நிறைய. அவரது பேப்பர் பயன்படாமல் போய்விட்டதா என்ன?

உன் அட்டை பேப்பருக்கு வருகிறேன். 2001லிருந்து கடல் அட்டை பிடிப்பது குற்றம். ஆனாலும் இந்தக் கரையில் மூட்டை மூட்டையாகப் பிடிபடுகிற செய்தி ஓயவில்லை. குடலை எடுத்து, வேகவைத்து, வெயிலில் காயப்போட்டால் கையளவு இருந்தது விரலளவுக்குச் சுருங்கிக் கறுத்து இறுகிவிடும். அதைப் பார்த்து இன்ன இனம் என்று சொல்வது அனுபவசாலிக்கே கஷ்டம். வெந்த சரக்கில் டி.என்.ஏ துண்டு துண்டாகிவிடுவதால், இனம் கண்டுபிடிக்க வழக்கமாகப் படிக்கிற அறுநூற்றைம்பது டி.என்.ஏ எழுத்து நீளமும் முழுசாகக் கிடைக்காது. நீ சின்னத் துண்டை மட்டும் நகலெடுத்துப் பெருக்கி இனத்தைக் கண்டுபிடித்தாயே, அது எவ்வளவு பெரிய உதவி! எந்த இனம் அதிகம் கடத்தப்படுகிறது என்று தெரிந்தால்தானே எதற்கு முதலில் காவல் போடுவது என்று தெரியும்? மணலைத் தின்று, அதிலுள்ள கழிவைச் செரித்து, கடல் தரையைப் புரட்டிக்கொடுக்கும் பிராணி அது. அது போய்விட்டால் இங்கே என்ன மிஞ்சும்?

அந்தப் பேப்பர் யாருக்குத் தேவையோ, அவர்கள் பேப்பர் எழுதுகிறவர்கள் இல்லை. ரோந்து போகிறவர், பிடிபட்ட சரக்கைச் சோதிக்கிறவர், வழக்கு நடத்துகிறவர். இவர்கள் நூறு தடவை படித்தாலும் மேற்கோள்களை எண்ணும் கூகுள் ஸ்காலரில் ஒன்றுகூட ஏறாது. உன் எண் சின்னதாக இருப்பதற்குக் காரணம் இதுதான். உன் வேலையில் குறை இல்லை.

அதனால் ஒன்று செய். விண்ணப்பத்தோடு தனியாக ஒரு பக்கம் வை. முக்கியமான நான்கைந்து பேப்பரை மட்டும் எடுத்து, அதற்கு முன்னால் என்ன தெரியாமல் இருந்தது, உன்னால் என்ன தெரிந்தது, யாருக்கு உதவும் என்று மூன்று வரி எழுது. எதில் நீ முதல் ஆசிரியர், எதில் பொறுப்பாசிரியர் (கரஸ்பாண்டிங் ஆத்தர்) என்பதையும் போடு. ஜர்னலின் இம்பாக்ட் ஃபேக்டரை (அதில் வரும் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைக்கும் மேற்கோள் கணக்கை) வைத்து ஒருவரின் கட்டுரையை எடைபோடக் கூடாது என்று 2012ல் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடிப் பேசி ஒரு பிரகடனமே எழுதியிருக்கிறார்கள். அதையும் ஒரு வரியில் குறிப்பிடு, கேட்கிறவர் கேட்கட்டும்.

அப்புறம், கையில் இருக்கும் புது ஆராய்ச்சியை மூன்று பேப்பராகப் பிரித்துப் போடலாமா என்று கேட்டாய். வேண்டாம் மாப்பிள்ளை. எண்ணுக்காக அறுத்துப் போட்டால் படிக்கிறவனுக்கு எதிலும் முழு விவரம் கிடைக்காது. முழுசாக ஒரே பேப்பராகப் போடு.

அந்த ஒரு பக்கத்தை எழுதியதும் எனக்கு அனுப்பு, படித்துவிட்டு உடனே சொல்கிறேன். தங்கச்சியையும் பிள்ளைகளையும் கேட்டதாகச் சொல். பொங்கல் லீவுக்கு எல்லோரும் வந்துவிடுங்கள்.

அன்புடன்,
உன் மச்சான்
மண்டபம்