போட்டிக்குப் படம் அனுப்புவோர் கவனத்துக்கு

ஐயா,

டிசம்பர் பிறந்தால் புகைப்படக் கழகத்தினர் வேடந்தாங்கலுக்குக் கிளம்பிவிடுவார்கள். அங்கே எடுக்கும் படங்கள்தான் பிறகு கழகப் போட்டிகளுக்கும் வருகின்றன. பல நல்ல படங்கள் நடுவர் கண்ணில் படுவதற்குள்ளேயே கெட்டுவிடுகின்றன.

அடோபி ஆர்ஜிபி என்ற வண்ண அமைப்பில் சேமித்த படம் புரொஜெக்டரில் சோகை பிடித்ததுபோல் வெளிறும். திரைகளுக்குப் பொதுவான எஸ்ஆர்ஜிபி வண்ண அமைப்புக்கு மாற்றியே அனுப்ப வேண்டும். அகலம் 1920, உயரம் 1080 பிக்சல் என்பது வழக்கமான வரம்பு. நெட்டுவாக்கில் எடுத்த படத்துக்கும் உயரம் 1080தான். இதைத்தான் பலர் கவனிப்பதில்லை. வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படம் சுருங்கிவிடும், டாக்குமெண்டாக அனுப்புங்கள்.

கரும்பச்சை மரத்தின் முன் நிற்கும் வெள்ளைக் கொக்கைக் கண்டால் கேமரா ஏமாந்து வெளிச்சத்தைக் கூட்டிவிடும். இறகெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவராகும். கேமராவில் எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் பதியும் வெளிச்சத்தின் அளவை, மைனஸ் 0.7க்கு இறக்கினால் இறகின் இழை தெரியும். வெளுத்துப்போனதைக் கணினியில் மீட்பது கடினம்.

இயற்கைப் பிரிவில் படத்தின் ஓரத்தை வெட்டலாம். குறுக்கே வந்த குச்சியை அழித்தால் தள்ளுபடிதான். நடுவர் மூலக் கோப்பைக் கேட்கக்கூடும், அதை அழித்துவிடாதீர்கள்.

கழக நிர்வாகிகளுக்கும் ஒரு வேண்டுகோள்: மதிப்பெண்ணோடு நடுவரின் ஒருவரிக் குறிப்பையும் கொடுங்கள். வெறும் 6, 7 என்ற எண்ணை வைத்துக்கொண்டு புதியவர் எதைத் திருத்துவார்?

– வாசகர், செங்கல்பட்டு