செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

தலைவர் அவர்களுக்கும், ஆயர் ஐயா அவர்களுக்கும், சபையாருக்கும், சபையைச் சேராமலே நம்மோடு நடக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரை, சபைக்குள்ளும் வெளியேயும் சாதி வேற்றுமையை எதிர்க்கும் நம் மன்றம் செய்ததையும், செய்யாமல் விட்டதையும் வாசிக்கிறேன். கணக்கைப் பொருளாளர் தனியாக வைப்பார். பணம் பற்றி நான் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஒலிபெருக்கிக்காரருக்கு இன்னும் பாக்கி இருக்கிறது.

மாதக் கூட்டங்கள் பதினொன்று நடந்தன. மே மாதம் வெயிலுக்குப் பயந்து விட்டுவிட்டோம். இந்த ஆண்டு பைபிளில் வரும் ஆமோஸ் புத்தகத்தை எடுத்துப் படித்தோம். ஐந்தாம் அதிகாரத்தில், உங்கள் பண்டிகை வேண்டாம், பாட்டுச் சத்தம் வேண்டாம், நியாயம் ஓடட்டும் என்று கடவுள் சொல்லும் இடம் வந்தபோது பாடகர் குழு அக்கா ஒருவர், "அப்படியானால் நாங்கள் இனிமேல் ஒத்திகைக்கு வர வேண்டாமா?" என்று கேட்டுவிட்டார். அன்றைக்குக் கூட்டம் முடிய இரவு ஒன்பதரை ஆகிவிட்டது. அக்கா ஒத்திகைக்கும் வருகிறார், நம் கூட்டத்துக்கும் வருகிறார்.

ஜூலை 5-ஆம் தேதி ஸ்டான் சுவாமி அடிகளாரை நினைவுகூர்ந்தோம். திருச்சி மாவட்டம் விராகலூரில் பிறந்து, ஜார்க்கண்ட் ஆதிவாசிகளோடு வாழ்ந்து, 2020 அக்டோபரில் கைதாகி, ஜாமீன் கிடைக்காமலே 2021-இல் காவலில் இருந்தபடி இறந்தவர். பார்கின்சன் நோயால் டம்ளரைப் பிடிக்க முடியாமல், உறிஞ்சிக் குடிக்கும் கோப்பை ஒன்றுக்காக அவர் நீதிமன்றத்தில் கேட்டு நின்றதை இளைஞர்களில் பலர் அன்றுதான் முதன்முதலாகக் கேள்விப்பட்டார்கள்.

ஆகஸ்ட் 10-ஐ வழக்கம்போலக் கருப்பு தினமாகக் கடைப்பிடித்தோம். 1950-இல் அந்தத் தேதியில் வந்த குடியரசுத் தலைவர் ஆணைதான் பட்டியல் சாதி என்பதை இந்துக்களுக்கு மட்டும் என்று ஆக்கியது. 1956-இல் சீக்கியரையும் 1990-இல் பௌத்தரையும் சேர்த்தார்கள். கிறிஸ்தவரும் முஸ்லிமும் இன்னும் வெளியே. ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்தத் தடையை நீக்கச் சொன்னது. 2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றம் தீர்மானம் போட்டது. உச்ச நீதிமன்றத்தில் இது பற்றிய வழக்கு 2004-இலிருந்து கிடக்கிறது. மதம் மாறியவர்களுக்குப் பட்டியல் சாதித் தகுதி கொடுக்கலாமா என்று ஆராய 2022-இல் அமைத்த கே.ஜி. பாலகிருஷ்ணன் ஆணையத்துக்கு, இரண்டு வருடக் கெடு முடிந்ததும் இன்னும் ஓராண்டு கொடுத்தார்கள். அந்த ஆணையத்துக்கு நாம் அனுப்பிய மனுவில் 143 பேர் கையெழுத்துப் போட்டார்கள். பதில் வரவில்லை.

நவம்பர் 26-ஆம் தேதி புதுச்சேரிப் பெண் ஒருவர் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. கிறிஸ்தவராக வாழ்ந்துகொண்டு, இடஒதுக்கீட்டுக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியலமைப்பை ஏமாற்றும் வேலை என்றது. அடுத்த கூட்டத்துக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு ஆள் வந்தது, ஆனால் முதல் அரை மணி நேரம் யாரும் வாய் திறக்கவில்லை. வீட்டில் மேரி, சான்றிதழில் மாரி என்று இருப்பவர்கள் அந்த அறையிலேயே இருந்தார்கள். அப்புறம் ஒரு பெரியவர் தன் குடும்பத்தைப் பற்றிச் சொன்னார். அண்ணன் மகன் எஸ்.சி., தம்பி மகள் பி.சி.; ஒரே தெரு, ஒரே தாத்தா. தெருவில் யாராவது சாதி சொல்லித் திட்டினால் அண்ணன் மகன் வன்கொடுமைச் சட்டத்தில் புகார் கொடுக்கலாம், ஞானஸ்நானம் எடுத்த தம்பி மகளுக்கு அது கிடையாது. திட்டுகிறவன் ஞானஸ்நானச் சீட்டைப் பார்த்துவிட்டா திட்டுகிறான்? பொய் சொல்வது சரி என்று மன்றம் தீர்மானம் போடவில்லை. ஆனால் இவர்களை ஏமாற்றுக்காரர்கள் என்று சொல்வதை நான் தனிப்பட்ட முறையில் ஏற்கவில்லை. அதை இங்கே பதிவு செய்கிறேன்.

சரி, அரசாங்கத்தைக் குறை சொல்வது சுலபம். இனி கல்லறைத் தோட்டத்துக்கு வருகிறேன்.

நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்துக்கு இரண்டு வாசல் இருப்பது எல்லாருக்கும் தெரியும். முன்வாசல் தார் ரோட்டில், பின்வாசல் வாய்க்கால் கரையில். யார் பிணம் எந்த வாசலில் போகும் என்று எந்தச் சட்டத்திலும் எழுதவில்லை, ஆனால் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். நவம்பர் மழையில் கீழத்தெரு அம்மா ஒருவர் இறந்தபோது, பெட்டியைத் தூக்கியவர்கள் முழங்கால் சேற்றில் இறங்கிப் போனார்கள். ஒருவர் வழுக்கி விழுந்தார். பெட்டி விழாமல் மற்றவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அந்த வாரம் தலித் விடுதலை ஞாயிறு. ஆராதனையில் எல்லாரும் சேர்ந்து நீதிக்காக ஜெபித்தோம்.

அதன் பிறகுதான் முன்வாசலை எல்லாருக்கும் திறக்கக் கேட்டு சபை நிர்வாகக் குழுவுக்குக் கடிதம் எழுதினோம். கல்கத்தா பிஷப் டேனியல் வில்சன் 1833-இலேயே தென்னிந்திய சபைகளில் சாதி வேற்றுமையை உடனே ஒழிக்க வேண்டும் என்று கடிதம் அனுப்பியதையும், அதைப் பொறுக்காமல் பலர் சபையைவிட்டு வெளியேறியதையும் அதில் குறிப்பிட்டிருந்தோம். மூன்று முறை பேச்சு நடந்தது. முதல் முறை, "பார்க்கலாம்." இரண்டாம் முறை, எறையூர் மாதிரி ஆகிவிடும் என்று ஒரு பெரியவர் எச்சரித்தார். 2008 மார்ச்சில் அங்கே கிறிஸ்தவர்களுக்குள்ளேயே சாதி மோதல் வெடித்து, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு பேர் இறந்தார்கள். அவர் பயத்தை நான் கேலி செய்யவில்லை. ஆனால் அந்தப் பயத்தின் பாரத்தை எப்போதும் பின்வாசல்காரர்களே சுமக்க வேண்டியிருக்கிறது. மூன்றாம் முறை, மழைக்காலம் முடியும்வரை முன்வாசலை எல்லாருக்கும் திறந்துவிடலாம் என்று முடிவானது.

டிசம்பரிலும் பிப்ரவரியிலும் இரண்டு அடக்கங்கள் முன்வாசல் வழியாக நடந்தன. மழைக்காலம் எப்போது முடியும் என்று குழு கேட்கவில்லை, நாமும் சொல்லவில்லை. நம் உறுப்பினர்களிலேயே நான்கு பேர் இந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட மறுத்தார்கள். அதில் இருவர் ஆணைய மனுவில் முதல் பக்கத்திலேயே கையெழுத்துப் போட்டவர்கள்.

பிப்ரவரி கடைசி வாரம் ஒரே உலை விருந்து. மதுரை அரசரடி இறையியல் கல்லூரியில் பணியாற்றிய பரட்டை தியாபிலஸ் அப்பாவு பேசிய கருத்து இது: எல்லா வீட்டு அரிசியும் ஒரே பானையில் வேக வேண்டும். சபையின் அசன விருந்திலும் சேர்ந்துதான் சாப்பிடுகிறோம், ஆனால் அங்கே சமைப்பவர் யார் என்பதில் ஒரு வழக்கம் இருக்கிறது. இந்த முறை கீழத்தெருப் பெண்கள் சாம்பார் வைத்தார்கள். சிலர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்ததாகச் சொன்னார்கள். வந்தவர்களுக்கே சாம்பார் பற்றவில்லை.

துப்புரவுப் பணியாளர் குடும்பப் பிள்ளைகளுக்கான மாலை வகுப்பு, ஆசிரியர் கிடைக்காமல் அக்டோபரோடு நின்றுவிட்டது. பொறுப்பு என்னுடையது. மன்னிப்புக் கேட்கிறேன்.

புதிய நிர்வாகிகள் தேர்தல் இந்த அறிக்கைக்குப் பின் நடக்கும். முன்வாசல் சாவி ஒன்று டிசம்பரிலிருந்து என்னிடம் இருக்கிறது. அடுத்த செயலாளரிடம் பதிவேடுகளோடு அதையும் ஒப்படைக்கிறேன். அறிக்கையை அவையின் ஒப்புதலுக்கு வைக்கிறேன்.

செயலாளர்