திருநகர் தெருக் குழு: வீட்டு வன்முறை தடுப்புக் கூட்டம், ஞாயிறு மாலை 5 மணி

அனைவருக்கும் வணக்கம். வரும் ஞாயிறு மாலை 5 மணிக்குப் பூங்காவில் கூடுகிறோம். ஆண்களும் அவசியம் வரவும். பெண்களை மட்டும் அனுப்பிவிட்டால் போதாது.

அதற்கு முன்:

1. அடிதடிச் சத்தம் கேட்டால் 112. ஆலோசனை, தங்குமிடம், சட்ட உதவிக்கு 181, இரவும் பகலும் இலவசம். குழந்தை என்றால் 1098.

2. பக்கத்து வீட்டில் சத்தமா? இருவராகப் போய் மணி அடியுங்கள். "உறை ஊத்த மோர் இருக்கா?" என்று கேட்டாலே போதும், அந்த நேரத்துக்கு அடி நிற்கலாம். கத்தி, அரிவாள் என்றால் கிட்டே போகாமல் 112 மட்டும்.

3. கணவர் முன்னால் அந்தப் பெண்ணிடம் விசாரிக்காதீர்கள். நாம் கிளம்பியதும் அதற்கும் சேர்த்து அடி விழும். "அனுசரிச்சுப் போம்மா" பஞ்சாயத்தும் வேண்டாம்.

4. ஆதார், பாஸ்புக், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், கொஞ்சம் பணம், சாவி: ஒரு பையில் போட்டு நம்பகமான வீட்டில் வைக்க அந்தப் பெண்ணிடம் தனியாகச் சொல்லுங்கள். வீட்டைவிட்டு வெளியேறும் நேரம்தான் மிக ஆபத்தானது.

5. 2005ஆம் ஆண்டு குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டப்படி பாதுகாப்பு அலுவலரிடம் (இதற்கென அரசு நியமித்த அதிகாரி) யாரும் தகவல் சொல்லலாம். நல்லெண்ணத்தில் சொன்னவர் மீது வழக்கு வராது. வீடு கணவர் பெயரில் இருந்தாலும் மனைவிக்கு அங்கே வசிக்க உரிமை உண்டு.

யார் வீட்டுப் பிரச்சினையையும் இங்கே எழுதாதீர்கள். அடிப்பவரும் இதே குழுவில் இருக்கலாம். அட்மினுக்குத் தனியாக அனுப்புங்கள்.

வருபவர்கள் வெள்ளி இரவுக்குள் "வருகிறேன்" என்று பதில் போடவும். இரவு 112 அழைக்கத் தயாராக இருக்கத் தெருவுக்கு இருவர் தேவை. பெயரைத் தனிச்செய்தியில் தரவும்.